கார்ப் பந்தயமும் கொடி பிடிக்கும் கையும்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)



சென்ற ஆண்டு நம் பள்ளி விளையாட்டு விழாவில் தொடர் ஓட்டம் நடந்தபோது, இரண்டாம் வளைவில் சிவப்புக் கொடியுடன் நின்றவள் நான். ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கிடைத்ததோ கொடி பிடிக்கும் வேலை. வேண்டா வெறுப்பாகத்தான் நின்றேன். அப்போது எங்கள் நீல அணித் தோழி ஒருத்தி, வளைவில் தன் கோட்டைத் தாண்டி அடுத்தவள் பாதையில் கால் வைத்துவிட்டாள். அதைப் பார்த்தவள் நான் ஒருத்தியே. ஒரு நொடி கை எழவில்லை. பிறகு கொடியை உயர்த்தினேன். முதலாவதாக வந்த எங்கள் அணிக்குக் கோப்பை இல்லாமற் போயிற்று. இரண்டு நாட்கள் எங்கள் அணியில் ஒருவரும் என்னோடு பேசவில்லை.

வீட்டில் முகம் வாடியிருந்த என்னைப் பார்த்து மாமா காரணம் கேட்டார். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள கார்ப் பந்தயத் திடலில், பந்தய நாட்களில் மார்ஷலாகப் பணி செய்பவர் அவர். நடந்ததைக் கேட்டதும், “கண்ணு, நீ செய்ததுதான் என் வேலை. வளைவில் ஓர் ஆள் நிற்காவிட்டால் அது பந்தயமே இல்லை. வெறும் ஓட்டம்!” என்றார். பிறகு இங்கிலாந்தில் நடக்கும் டூரிங் கார்ப் பந்தயங்களைத் தொலைக்காட்சியில் காட்டி, ஒரு வார இறுதிப் பந்தயத்தை எப்படியெல்லாம் ஒழுங்கு செய்கிறார்கள் என்று விளக்கினார். நான் கேட்டும் படித்தும் அறிந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

டூரிங் கார் என்பது யாது?

பந்தயக் கார் என்றதும், சக்கரங்கள் வெளியே தெரிய, ஒருவர் மட்டும் அமரும் நீண்ட மூக்குக் கார்தான் நம் மனக்கண்ணில் தோன்றும். டூரிங் கார் அப்படிப்பட்டதன்று. கடையில் விற்கும் குடும்பக் காரின் உருவமே அதன் உருவம். ஆனால் உள்ளே பார்த்தால் ஓட்டுநரின் இருக்கையைத் தவிர வேறு இருக்கை இராது. கார் உருண்டாலும் ஓட்டுநர் நசுங்காதபடி, இரும்புக் குழாய்களால் ஆன கூண்டு ஒன்று உள்ளே பொருத்தப்பட்டிருக்கும். நம் தெருவில் போகும் காரைப் போன்றே இருப்பதால்தான் பொதுமக்களுக்கு இதன்மேல் தனிப் பற்று.

பிரிட்டனில் இப்பந்தயத் தொடர் 1958-ஆம் ஆண்டு ‘சலூன் கார் சாம்பியன்ஷிப்’ என்ற பெயரில் தொடங்கியது. 1987 முதல் ‘பிரிட்டிஷ் டூரிங் கார் சாம்பியன்ஷிப்’ என்று வழங்குகிறது.

முதல் ஆண்டின் கதையே சுவையானது. ஜாக் சியர்ஸ், டாமி சாப்வித் என்ற இருவர் ஆண்டின் முடிவில் சமமான புள்ளிகள் பெற்றனர். நாணயம் சுண்டி முடிவு செய்யலாமா என்று பேச்சு எழுந்தபோது இருவரும் உடன்படவில்லை. பிறகு பிராண்ட்ஸ் ஹாட்ச் திடலில், ஒரே மாதிரியான இரண்டு ரைலி கார்களைக் கொடுத்து 5 சுற்றுகள் ஓட்டச் செய்தார்கள். ஒரு கார் மற்றதைவிடச் சற்றே நன்றாக இருந்துவிட்டால்? அதற்காக, கார்களை மாற்றிக்கொண்டு மீண்டும் 5 சுற்றுகள் ஓட்டச் செய்தார்கள். இரண்டு நேரங்களையும் கூட்டிப் பார்த்தபோது 1.6 நொடியில் சியர்ஸ் வென்றார். யாருக்கும் மனத்தாங்கல் இல்லாத முடிவு! பந்தயத்தை நடத்துவோரின் முதற் கவலை வேகமன்று, நேர்மையே என்பதை இது காட்டுகிறது அல்லவா?

பெரிய காரும் சிறிய காரும் ஒன்றாக ஓடிய அக்காலத்தில் என்ஜினின் அளவுக்கேற்ப வகுப்புகள் பிரித்து, அந்தந்த வகுப்புக்குள் புள்ளிகள் வழங்கினார்கள். அதனால்தான் பில் மெக்கவர்ன் என்பவர் ‘சன்பீம் இம்ப்’ என்னும் குட்டிக் காரை ஓட்டி 1970, 1971, 1972 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் மொத்தத் தொடருக்கே சாம்பியனாக முடிந்தது. பின்னர் வகுப்பு முறை போய், எல்லாரும் ஒரே விதியின் கீழ் போட்டியிடும் முறை வந்தது. 2011-இல் அறிமுகமான விதிகளின்படி எல்லாக் கார்களுக்கும் 2 லிட்டர் டர்போ என்ஜின். கியர் பெட்டி, பிரேக் போன்ற பல உறுப்புகளும் பொதுவானவை. பணம் படைத்த குழு விலை உயர்ந்த பாகங்களை வாங்கிப் போட்டு வென்றுவிட முடியாது.

வார இறுதிக்கு முன்

ஓர் ஆண்டில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 10 வார இறுதிகளில் பந்தயம் நடைபெறும் என்பது 2024-ஆம் ஆண்டின் அட்டவணை. தானிங்டன் பார்க், சில்வர்ஸ்டன், தென் இங்கிலாந்தின் திரக்ஸ்டன், ஸ்காட்லாந்தின் நாக்ஹில் முதலிய 8 திடல்களில் அவை நடந்தன. ஒவ்வொரு வார இறுதிக்கும் 3 பந்தயங்கள். ஆக ஆண்டுக்கு 30. இவற்றை ‘டோகா’ என்ற அமைப்பு நடத்துகிறது. விதிகளைக் கண்காணிப்பது ‘மோட்டார்ஸ்போர்ட் யு.கே.’ என்னும் தேசியக் கழகம். நடத்துபவர் ஒருவர், நீதி வழங்குபவர் வேறொருவர் என்று பிரித்து வைத்திருப்பது கவனிக்கத் தக்கது.

பந்தயத்துக்கு முன்பே குழுக்களின் பெரிய லாரிகள் திடலை வந்தடையும். அவை நிற்கும் வளாகத்துக்குப் ‘பேடாக்’ என்று பெயர். எந்த லாரி எங்கே நிற்க வேண்டும் என்பதுகூட முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். நம் ஊர்த் திருவிழாவில் கடைகளுக்குக் கோடு போட்டு இடம் ஒதுக்குவதைப் போன்றதே இது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெற்று நிலத்தில் ஒரு சிற்றூர் எழுந்துவிடும்!

சனிக்கிழமை

கார் திடலில் இறங்குமுன் பரிசோதனையாளர்கள் அதைச் சோதிப்பார்கள். இருக்கை வார்கள் உறுதியாக உள்ளனவா, தீயணைக்கும் கருவி வேலை செய்கிறதா, ஓட்டுநரின் ஹெல்மெட்டும் தீப்பிடிக்காத உடையும் விதிப்படி உள்ளனவா என்று பார்ப்பார்கள். இவர்கள் ‘ஆம்’ என்று சொல்லாமல் எப்பேர்ப்பட்ட சாம்பியனும் சக்கரத்தை உருட்ட முடியாது. மருத்துவரும் ஆம்புலன்ஸும் மீட்புக் குழுவும் தத்தம் இடத்தில் நிற்காமல் எந்த ஓட்டமும் தொடங்குவதில்லை.

முதலில் பயிற்சி ஓட்டம். டயரில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும், எந்த வளைவில் எங்கே பிரேக்கை அழுத்த வேண்டும் என்றெல்லாம் ஓட்டுநரும் மெக்கானிக்குகளும் கண்டறிவது இதில்தான்.

பிறகு தகுதி ஓட்டம். 2024-இல், ஒரு சுற்றை மிகக் குறைந்த நேரத்தில் முடிப்பவருக்கு மறுநாள் முதல் பந்தயத்தில் முதலிடத்திலிருந்து புறப்படும் உரிமை இருந்தது. ஒவ்வொரு காரிலும் சிறு கருவி ஒன்று உண்டு. தரையில் பதித்த கம்பியை அது கடக்கும் கணத்தை, ஒரு நொடியை ஆயிரமாகப் பங்கிட்டு, கணிப்பொறி குறித்துக்கொள்ளும். தகுதி ஓட்டத்தில் முதல் பத்துப் பேரும் ஒரு நொடிக்குள் அடங்கிவிடுவது சாதாரணம். கண்ணிமைப்பதற்குள் ஐந்து இடங்கள் போய்விடும் என்றால் மிகையாகாது.

ஞாயிற்றுக்கிழமை

ஞாயிறுதான் திருவிழா நாள். முற்பகல் தொடங்கி மாலை வரை மூன்று டூரிங் கார்ப் பந்தயங்கள். ஒவ்வொன்றும் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இடைவேளைகளில் திடல் வெறுமனே கிடப்பதில்லை. சிறிய பந்தயங்கள் பல அடுத்தடுத்து நடைபெறும். பகலில் சிறிது நேரம் பொதுமக்களைப் பிட் பகுதிக்குள் விடுவார்கள். குழந்தைகள் ஓட்டுநர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள்.

சிறிய பந்தயங்களில் ஒன்றைப் பற்றி நம் வயதுப் பெண்கள் அறிந்துகொள்வது நல்லது. 14 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கான ‘ஜினெட்டா ஜூனியர்’ பந்தயம் பல ஆண்டுகள் இவ்விழாவோடு சேர்ந்தே நடந்தது. பின்னாளில் ஃபார்முலா ஒன் வீரரான லாண்டோ நோரிஸ் 2014-இல் அதில் ஓட்டியவர். ஜேமி சாட்விக் என்ற பெண்மணியும் 2013-இல் அதில்தான் தொடங்கினார். பெண்களுக்கான ‘டபிள்யூ சீரிஸ்’ தொடரில் 2019, 2021, 2022 ஆகிய மூன்று முறையும் சாம்பியன் பட்டம் வென்றவர் அவரே! 15 வயதில் நமக்குச் சைக்கிளில் கடைத்தெருவைக் கடப்பதற்கே வீட்டில் எத்தனை எச்சரிக்கைகள்!

இனிப் பந்தயத்துக்கு வருவோம். கார்கள் ஒரு சுற்று மெதுவாக வந்து, தரையில் வரைந்த கட்டங்களில் நிற்கும். சிவப்பு விளக்குகள் எரியும். அவை அணைந்ததும் புறப்பாடு. 2024-இல் முதலிடத்துக்கு 20 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 17, மூன்றாமிடத்துக்கு 15 என்று குறைந்துகொண்டே போய், பதினைந்தாம் இடத்துக்கு 1 புள்ளி. பின்னால் வருபவருக்கும் கடைசிவரை முயல ஒரு காரணம் வேண்டும் அல்லவா?

வென்றவருக்குச் சுமையா?

ஒரே நாளில் மூன்று பந்தயங்களையும் ஒருவரே வென்றால் பார்ப்பவருக்குச் சலித்துவிடும். எனவே சில விந்தையான விதிகள் உள்ளன.

முதலாவது, தலைகீழ் வரிசை. மூன்றாம் பந்தயத்துக்கு முன் சீட்டுக் குலுக்குவதைப் போல் ஓர் எண்ணைத் தெரிந்தெடுப்பார்கள். பல ஆண்டுகள் அந்த எண் 6 முதல் 10-க்குள் இருந்தது. 8 என்று வந்தால், இரண்டாம் பந்தயத்தில் எட்டாவதாக வந்தவர் மூன்றாம் பந்தயத்தில் முதலிடத்தில் நிற்பார். வென்றவரோ எட்டாம் இடத்துக்குப் போய்விடுவார். இந்தக் குலுக்கலை எல்லாரும் காணத் தொலைக்காட்சியிலேயே நடத்துவார்கள். மறைவில் நடந்தால் ஐயம் எழும் என்பது நடத்துபவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது, வெற்றிச் சுமை. 2021 வரை, முன்னணியில் இருப்பவர் தம் காரில் கூடுதல் எடையை ஏற்றிக்கொண்டு ஓட்ட வேண்டும். அது 75 கிலோ வரைகூட இருந்ததுண்டு. வளர்ந்த ஆள் ஒருவரை அருகில் உட்கார வைத்துக்கொண்டு பந்தயம் ஓட்டுவதற்குச் சமம்! 2022 முதல் 2024 வரை காரில் மின்மோட்டாரும் இருந்தது. அப்போது எடைக்குப் பதிலாக, முன்னணியில் உள்ளவர் அந்த மின்விசையைப் பயன்படுத்தும் நேரத்தைக் குறைத்தார்கள்.

இதை நான் வகுப்பில் சொன்னபோது பெரிய விவாதமே நடந்தது. “நன்றாகப் படிப்பவளுக்கு மட்டும் கடினமான வினாத்தாள் கொடுப்பது எந்த ஊர் நியாயம்?” என்று ஒருத்தி கேட்டாள். எனக்கும் முதலில் அது சரியாகவே பட்டது. எண்ணிப் பார்த்ததில் ஒரு வேறுபாடு புலப்பட்டது. வென்றவரின் கோப்பையையோ புள்ளியையோ யாரும் பறிப்பதில்லை. அடுத்த முறை வெல்வதுதான் சற்றுக் கடினமாகிறது. விதி ஆண்டின் தொடக்கத்திலேயே எல்லாருக்கும் தெரியும். வெல்பவர் எவராயினும் ஒரே அளவுதான். ஆஷ் சட்டன் என்பவர் 2017, 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் இந்தச் சுமை விதியின் கீழேயே சாம்பியன் ஆனார். சுமையோடும் வென்றவரின் திறமையை யார் குறை கூற முடியும்? வினாத்தாள் விஷயத்தில் மட்டும் நான் என் தோழியின் கட்சியே!

வளைவில் நிற்பவர்கள்

இப்போது என் மாமாவின் வேலைக்கு வருகிறேன். தேரோட்டத்தில் வடம் பிடிப்பவர்களை எல்லாரும் காண்கிறோம். சக்கரத்தருகே முட்டுக்கட்டையோடு குனிந்து வரும் ஆளை எத்தனை பேர் கவனிக்கிறோம்? அவர் கை தவறினால் தேர் நில்லாது. பந்தயத் திடலில் அந்த ஆள்தான் மார்ஷல்.

பிரிட்டனில் இவர்கள் பெரும்பாலும் ஊதியம் பெறாத தொண்டர்கள். வார நாட்களில் அவரவர் தொழிலைச் செய்துவிட்டு, ஞாயிறு விடியற்காலையில் எழுந்து திடலுக்கு வந்து பெயர் பதிவார்கள். அதன்பின் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு குழுவாகப் பிரிந்து செல்வார்கள். மழையானாலும் குளிரானாலும் நாள் முழுவதும் அங்கேயே நிற்க வேண்டும். ஆரஞ்சு நிற உடை அணிந்த இவர்களில் சிலர் கொடி காட்டுவர். சிலர் தீயணைக்கும் கருவியுடன் காத்திருப்பர். சிலர் வழியில் நின்றுபோன காரை அப்புறப்படுத்துவர்.

கார் பாயும் ஓசையில் குரல் கேட்காது. ஆகவே கொடிகளே பேசும். மஞ்சள் கொடி: ‘முன்னே ஆபத்து, வேகத்தைக் குறை, முந்தாதே.’ பச்சை: ‘ஆபத்து நீங்கியது.’ நீலம்: ‘உன்னைவிட வேகமான கார் பின்னால் வருகிறது.’ மஞ்சளில் சிவப்புக் கோடுகள்: ‘தரை வழுக்கும்.’ வெள்ளை: ‘மெதுவாகச் செல்லும் வண்டி முன்னே உள்ளது.’ கருப்பில் ஆரஞ்சு வட்டம்: ‘உன் காரில் பழுது, பிட்டுக்கு வா.’ சிவப்பு: ‘பந்தயம் நிறுத்தப்பட்டது.’ கருப்பும் வெள்ளையும் கட்டமிட்டது: ‘முடிந்தது.’ கார் ஒன்று கவிழ்ந்து கிடக்க, பின்னால் வருபவருக்கு அது தெரியாத வளைவில் மஞ்சள் கொடி இரண்டு நொடி தாமதித்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்!

ஒவ்வொரு குழுவிலும் நிகழ்ந்ததைப் பார்த்து அறிவிக்கும் பொறுப்பாளர் ஒருவர் உண்டு. எந்தக் கார் எதன்மேல் மோதியது, எங்கே, எந்தச் சுற்றில் என்பதை அவர் தெரிவிக்க வேண்டும். ‘தவறு யாருடையது’ என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலையன்று. பார்த்ததைப் பார்த்தபடி சொல்வதே வேலை. பந்தயத் தலைமை அதிகாரி அந்த அறிக்கையையும் காமிராப் படங்களையும் வைத்து, ஓட்டுநரை அழைத்து விசாரித்து முடிவு செய்வார். அம்முடிவை ஏற்காதவர் நடுவர் குழுவிடம் முறையிடலாம்.

கொடி விழுந்த பிறகும்

கட்டக் கொடி விழுந்தாலும் பந்தயம் உண்மையில் முடிவதில்லை. முன்னணிக் கார்கள் யாரும் தொடாதபடி காவல் வளாகத்தில் நிறுத்தப்படும். எடை குறைவாக உள்ளதா, காரின் அடிப்பகுதி விதித்த அளவைவிடத் தரையை நெருங்கியுள்ளதா என்று அளந்து பார்ப்பார்கள். சில மில்லிமீட்டர் வேறுபாட்டால் கோப்பையை இழந்தவர்கள் உண்டு. பிறரை இடித்து முன்னேறியவருக்கு நேரம் கூட்டப்படலாம். அடுத்த பந்தயத்தில் பின்வரிசைக்குத் தள்ளப்படலாம். அவருடைய பந்தய உரிமத்திலேயே குற்றப் புள்ளி ஏறும். கைதட்டல் ஓய்ந்த பின்பும் உண்மையைத் தேடும் இந்த வேலைதான் என்னை மிகவும் கவர்ந்தது.

நம் நாட்டிலும் இம்மரபு புதியதன்று. 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், உலகப் போருக்குப் பின் பயனற்றுக் கிடந்த விமான ஓடுதளத்தில் பந்தயங்களை நடத்தியது. பின்னர் அக்கழகமே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளத் திடலை அமைத்தது. 1990-இல் அங்கே பந்தயங்கள் தொடங்கின. இந்தியன் டூரிங் கார் பந்தயங்களும் அங்கே நடக்கின்றன. என் மாமா நிற்கும் வளைவும் அங்கேதான்.

மாமா காட்டிய காட்சிகளில் ஒன்று இன்னும் என் கண்முன் நிற்கிறது. கடைசிப் பந்தயம் முடிந்து கார்கள் மெதுவாகத் திரும்பும் சுற்றில், ஒவ்வொரு வளைவிலும் மார்ஷல்கள் தங்கள் கொடிகளை எல்லாம் சேர்த்து ஆட்டுகிறார்கள். ஓட்டுநர்கள், வென்றவரும் தோற்றவரும், சன்னல் வழியே கையசைத்து நன்றி சொல்லிப் போகிறார்கள். அன்று அந்தக் கொடிகளால் தண்டனை பெற்றவர்களும் அவர்களில் இருக்கக்கூடும்!

விளையாட்டு விழா முடிந்த மூன்றாம் நாள், கோட்டைத் தாண்டிய என் தோழியே என்னிடம் வந்தாள். “நான் கால் வைத்தது எனக்கும் தெரியும். நீ பார்த்தது சரிதான்” என்று மெல்லச் சொன்னாள். அவளுடைய அந்தச் சொல் எனக்குக் கோப்பையைவிடப் பெரிதாக இருந்தது. இந்த ஆண்டு விழாவில் யாரும் என்னை வற்புறுத்தவில்லை. அதே இரண்டாம் வளைவை நானே கேட்டு வாங்கி, கொடியோடு நின்றேன்.

தோழியரே! எல்லாராலும் முதலில் வர இயலாது. ஆனால் முதலில் வந்தவள் நேர்மையாகவே வந்தாள் என்று உலகம் நம்புவதற்கு, வளைவில் ஒருத்தி விழிப்போடு நிற்க வேண்டும். ஓடும் கால்களைப் போற்றுவோம். கொடி பிடிக்கும் கையையும் மறவாதிருப்போம்!